அளவு பேண்ட்

குச்சிக்குத் தன் தங்கை மேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயிலேயே போடலாம். பாசம் இருந்தது. மூட்டை மூட்டையாக இருந்தது. தங்கை நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்த வரைக்கும் அந்தப் பாசத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

அக்காவுக்குக் குச்சி என்றும் தங்கைக்குப் பூசணி என்றும் சின்ன வயதில் வீட்டில் வைத்த பெயர்கள். ஒருத்திக்குக் கல்யாணமாகி, இரண்டு பேருக்கும் காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவை மாறவில்லை. அம்மா இருந்த காலத்தில் சாப்பாட்டு மேஜையில் தினமும் ஒரு காரியம் நடக்கும். பூசணியின் தட்டிலிருந்து அம்மா ஒரு பங்கை எடுப்பாள். எடுத்ததைக் குச்சியின் தட்டில் வைப்பாள்.

"உனக்கு எதுக்குடி இவ்ளோ? அவளுக்குத்தான் என்ன தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது."

பூசணி தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். குச்சிக்குச் சுத்தமாகப் பிடிக்காத காய்கறியாக இருந்தாலும் அந்தக் கூடுதல் பங்கைச் சப்புக்கொட்டித் தின்பாள். ருசி காய்கறியில் இல்லை என்பது அந்த வயதிலேயே அவளுக்குத் தெரியும்.

குச்சி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மிஷின், துணியின் ஓரம் அடிக்க ஓர் ஓவர்லாக், இஸ்திரி மேஜை, ஆளுயரக் கண்ணாடி. பின்னால் அவளும் வேன் ஓட்டும் கணவரும் குடியிருந்தார்கள். பூசணி மாடியில் தனியாக இருந்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் அவளுக்கு வேலை. பின்னறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், ஃபைல்களுக்கு நடுவே உட்காருவாள். "என்னை முன்னாடி உக்கார வெச்சா வர்றவங்களுக்கு நாற்காலி இருக்காதுன்னு டாக்டருக்குப் பயம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவள் அளவுக்குக் கடையில் துணி கிடைக்காது. எல்லாம் அக்கா தைத்ததுதான். டேப்பை அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவரும்போதெல்லாம் குச்சி "ஐயோ பாவம்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். சொல்லி முடித்ததும் நிமிர்ந்து கண்ணாடியில் தன்னை ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

பிறகு பூசணியின் முழங்கால் மாடிப்படி ஏற மறுத்தது. சர்க்கரை எகிறியது. டாக்டர்கள் கூடிப் பேசி, வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் குச்சி அழுத அழுகையைப் பார்த்து நர்ஸே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மாதம் ஒருமுறை வகுப்புக்கு வர வேண்டும். வரும்போது வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அவருக்கு 'வீட்டு ஆள்' என்று பெயர். பூசணியின் வீட்டு ஆள் குச்சி. வகுப்பு எடுப்பவர், எல்லோரும் 'டயட் மேடம்' என்று கூப்பிடுகிற ஒரு சின்ன உருவம். குரல் மட்டும் பெரிது.

"வயித்துக்குத்தான் ஆபரேஷன் பண்ணியிருக்கோம். வாய்க்குப் பண்ணல. மனசுக்கும் பண்ணல" என்பார் டயட் மேடம். "முதல் ஒண்ணரை வருஷம் எடை தானா இறங்கும். அது உங்க சாமர்த்தியம்னு நெனச்சுக்காதீங்க. அதுக்கப்புறம்தான் இருக்கு கச்சேரி."

முட்டை, பருப்பு, மீன் எதுவோ அதை முதலில் சாப்பிட வேண்டும். கூழாகும் வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, இடைவெளி விட்டுத்தான் குடிக்க வேண்டும். சத்து மாத்திரை ஆயுள் முழுக்க. நடை கட்டாயம். முக்கியமாக, நனைந்த, குழைந்த பண்டங்கள் ஆகாது. "கெட்டியா இருக்கிறது அந்தச் சின்ன வயித்துல கொஞ்ச நேரம் நிக்கும், பசியை அடக்கும். டீயில முக்கின பிஸ்கட், ஐஸ்கிரீம், இதெல்லாம் வழுக்கிட்டுப் போயிடும். எவ்வளவு போனாலும் வயிறு போதும்னு சொல்லாது. எடை திரும்பி வர்றது பெரும்பாலும் அந்த வழியாத்தான்." குச்சி முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். வகுப்பிலேயே கெட்டிக்கார வீட்டு ஆள் என்று பெயர் வாங்கினாள்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மாதமும் தங்கையின் துணிகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்தாள். வெட்டி எடுத்த துணியை வாடிக்கையாளர்களிடம் காட்டி, "இவ்ளோ போயிடுச்சு பாருங்க" என்று பெருமை அடித்தாள். பூசணி நூறுக்குக் கீழே வந்தபோது கேக் வெட்டாத குறை. எண்பதைத் தொட்டபோதும் சமாளித்துக்கொண்டாள். எழுபதில் கொஞ்சம் தொண்டையில் சிக்கியது.

ஏனென்றால் பல் டாக்டர் பூசணியை முன்னறைக்கு மாற்றிவிட்டார். கண்ணாடி மேஜை, பூச்சாடி, உள்ளே வருகிற எல்லோருக்கும் முதலில் தெரிகிற முகம். அந்த முகத்துக்குக் கன்ன எலும்பு இருந்தது என்பதே அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கழுத்து என்று ஒன்று வந்தது. நடையில் ஒரு துள்ளல் வந்தது. கடைக்கு வந்த புது வாடிக்கைக்காரி ஒருத்தி, மாடிப்படியில் இறங்கிப் போன பூசணியைப் பார்த்துவிட்டுக் குச்சியிடம் திரும்பினாள்.

"உங்க பொண்ணாங்க? லட்சணமா இருக்கா."

குச்சி அந்த அம்மாளின் ரவிக்கையை ஒரு வாரம் தாமதமாகத் தைத்துக் கொடுத்தாள். அதுவும் அக்குளில் இறுக்கமாக.

வெளியார் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். கட்டிய கணவர், எந்தப் பாவமும் அறியாத மனிதர், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே ஒருநாள் சொன்னார். "நீயும் பூசணி கூடக் கொஞ்சம் நடந்துட்டு வாயேன். இடுப்புல லேசா போட்டிருக்க." அவர் தூங்கப் போய்விட்டார். குச்சி அன்று பாத்திரங்களைத் தேய்த்த தேய்ப்பில் ஒரு கரண்டியின் காம்பு வளைந்தது. அவளைக் குச்சி என்று கூப்பிட இந்த வீட்டில் இனி என்ன நியாயம் இருக்கிறது? ஒல்லி என்பது ஒன்றுதான் அவளுக்கு என்று இருந்த சொத்து. படிப்பில் பூசணி கெட்டி. பாட்டில் பூசணி கெட்டி. பேசினால் நாலு பேர் கூடுவது பூசணியைச் சுற்றித்தான். மிச்சமிருந்த ஒன்றையும் ஒரு டாக்டர் கத்தியை வைத்து அறுத்து எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பேண்ட் விஷயம் வந்தது. பூசணி வீட்டில் ஓர் எடை மிஷின் வாங்கி வைத்திருந்தாள். எழுந்ததும் ஏறுவாள், குளித்ததும் ஏறுவாள், தண்ணீர் குடித்துவிட்டு ஏறுவாள். அரை கிலோ கூடினால் அழுவாள், அழுத பிறகு கண்ணீருக்கு எவ்வளவு குறைந்தது என்று பார்க்க மறுபடி ஏறுவாள். வகுப்பில் இதைச் சொன்னதும் டயட் மேடம் கையை நீட்டிப் பேச்சை நிறுத்தினார்.

"மிஷினை முதல்ல வீட்டை விட்டு வெளியே அனுப்புங்க. எடையை நான் இங்க பாத்துக்கறேன். ரெண்டு வருஷம் முடிஞ்சவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும். நடுவுல உங்களுக்கு ஒரு பேண்ட் போதும். எலாஸ்டிக் இருக்கக் கூடாது. இழுத்தா நீளுற துணி கூடாது. இன்னிக்கு உடம்புக்குக் கச்சிதமா ஒண்ணு தச்சு வெச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போட்டுப் பாருங்க. கொக்கி மாட்டினா சந்தோஷமா இருங்க. மாட்டலன்னா அன்னிக்கே எனக்கு ஃபோன் பண்ணுங்க. ரெண்டு கிலோவுல பிடிச்சா திருப்பிடலாம். பத்து கிலோ ஏறினப்புறம் வந்து அழுதா ரொம்பக் கஷ்டம்."

"தைக்கிறதுக்கு என் அக்கா இருக்கா மேடம்" என்றாள் பூசணி, குச்சியின் தோளைத் தொட்டு.

தையல் கடைக்கு வருகிறவர்களில் சிலர் சரியாக இருக்கும் பழைய துணி ஒன்றைக் கொண்டுவந்து, "இதே அளவுக்குத் தச்சிடுங்க" என்பார்கள். அதற்கு அளவுத் துணி என்று பெயர். இதற்குக் குச்சி 'அளவு பேண்ட்' என்று பெயர் வைத்தாள். கெட்டியான கறுப்புத் துணி. பின்பக்க நடுத் தையலில் உள்ளே தாராளமாகத் துணி விட்டு, இடுப்புப் பட்டியையும் அதே இடத்தில் இரண்டாகச் சேர்த்துத் தைத்தாள். நல்ல தையல்காரர் யாரும் அப்படித்தான் தைப்பார்கள். பின்னால் பிரிக்கவோ பிடிக்கவோ வசதி. அந்த நேரத்தில் அவள் மனதில் வேறு எண்ணம் இல்லை. இருந்திருந்தால் நான் மறைக்க மாட்டேன்.

தைத்து முடித்து இஸ்திரி போட்ட பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு அதைத் தான் போட்டுப் பார்த்தாள். தொடையில் ஏறியது. இடுப்பில் கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. மூச்சை இழுத்துப் பிடித்தாள். மூன்று விரல். கண்ணாடியில் தெரிந்த பெண்ணின் முகம் சிவந்து, வயிறு பட்டிக்கு மேலே பிதுங்கிக்கொண்டிருந்தது. தங்கையின் துணி தனக்குப் பத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக. அவள் அதைக் கழற்றி எறிந்தாள். பிறகு எடுத்து, மடிப்புக் கலையாமல் மறுபடி இஸ்திரி போட்டு மாடிக்குக் கொடுத்தனுப்பினாள்.

கொஞ்ச நாளைக்குக் கொக்கி ஒழுங்காக மாட்டியது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசணி அந்தப் பேண்ட்டோடு மாடியிலிருந்து இறங்கி, கடை நடுவில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள். குச்சி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தலையாட்டுவாள். குண்டூசி வாயில் இருந்தால் பேச வேண்டியதில்லை, அது ஒரு சௌகரியம்.

மூன்றாவது வருடத்தில் பூசணிக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. நடை வாரத்துக்கு இரண்டு நாளாகியது. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் நேரே கடைக்கு வந்து உட்காருவாள். குச்சி டீ போடுவாள். பித்தான் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. முதலில் ஒன்றை முக்கித் தின்றாள். பிறகு மூன்று. பிறகு பேச்சு சுவாரசியத்தில் எண்ணிக்கையே இல்லை.

"வயிறே ரொம்பல பாருக்கா. லேசாத்தான் இருக்கு" என்றாள் பூசணி.

வழுக்கிட்டுப் போயிடும் என்று டயட் மேடம் சொன்னது குச்சியின் காதில் மணி அடித்த மாதிரி கேட்டது. பூசணிக்கு அது மறந்துவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவளுக்கு மறக்கவில்லை. அவள் ஒரு குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் டப்பாவை ரொப்பிக்கொண்டு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசணி சுற்றிக் காட்டவில்லை. பேண்ட்டைக் கையில் பிடித்தபடி முகம் வெளுத்து இறங்கி வந்தாள்.

"அக்கா, கொக்கி மாட்ட மாட்டேங்குது. மூச்சப் பிடிச்சாத்தான் மாட்டுது. மேடத்துக்கு ஃபோன் பண்ணட்டுமா?"

குச்சி ஒரு நொடி அவளைப் பார்த்தாள். தாடையின் கீழே லேசாகச் சதை. தையல்காரியின் கண்ணுக்கு அது தப்பாது. அந்த ஒரு நொடியில் அவள் மனதில் குளுகுளுவென்று ஏதோ பரவியது. ரொம்ப நாளாக நின்றுபோன ஃபேன் திடீரென்று ஓட ஆரம்பித்த சுகம்.

"வாஷிங் மெஷின்ல போட்டியா?"

"ஆமா."

"அதான். துணி சுருங்கியிருக்குடி. இதுக்குப் போய் ஃபோன் பண்ணி அந்த மேடத்த வேற தொந்தரவு பண்ணுவியா? குடு, ஈரம் தெளிச்சு இஸ்திரியில இழுத்து விடறேன்."

பூசணியின் முகத்தில் உயிர் வந்தது. அவள் மாடிக்குப் போனதும் குச்சி பிளேடை எடுத்துப் பின்பக்க நடுத் தையலைப் பிரித்தாள். ஒரு நூல் அளவு தள்ளி மறுபடி அடித்தாள். பழைய தையலின் ஊசித் துளைகள் உள்பக்கம் வரிசையாகத் தெரிந்தன. அவற்றை இஸ்திரி வைத்து அழுத்தினாள். போட்டுப் பார்த்த பூசணிக்குக் கொக்கி நழுவிக்கொண்டு மாட்டியது. அவள் அக்காவைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. வாரத் துணிகள் எல்லாம் சனிக்கிழமை இஸ்திரிக்குக் கடைக்கு வரும். பூசணியின் இடுப்பைக் கண்ணாலேயே அளந்து, தேவைப்பட்ட வாரங்களில் குச்சி கொஞ்சம் பிரித்து விடுவாள். கைகாரி என்றால் கைகாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடப் பேண்ட் இறுகவும் இல்லை, தொளதொளக்கவும் இல்லை. சும்மா கச்சிதம். பூசணி வேலைக்குப் போட்டுப் போகிற மற்ற உடைகள் எல்லாம் இப்போது எலாஸ்டிக், இழுத்தால் நீளுகிற துணி. அவை ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மை சொல்ல இருந்தது அந்த ஒரு கறுப்புப் பேண்ட்தான். அதன் வாயைக் குச்சி தைத்துவிட்டாள்.

உள்ளே குறுகுறுக்கவில்லையா என்று கேட்டால், குறுகுறுத்தது. முழங்கால், சர்க்கரை, தியேட்டர் வாசல் எல்லாம் நினைவுக்கு வரும். அடுத்த நிமிடம் பூசணி மேஜை மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, பல் டாக்டரின் நண்பர் ஒருவர் தன்னிடம் பேசிய விதத்தைச் சொல்லிச் சிரிப்பாள். குச்சி டப்பாவை அவள் பக்கம் நகர்த்துவாள்.

ஆறு மாதப் பரிசோதனைக்குப் பூசணி அளவு பேண்ட்டையே போட்டுக்கொண்டு வந்தாள். மேடத்திடம் காட்ட வேண்டும் என்று அத்தனை ஆசை. எடை மிஷினில் ஏறினாள். டயட் மேடம் பார்த்தார். இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னார்.

"எட்டு கிலோ கூடியிருக்கு."

"மிஷின் தப்பு மேடம்" என்றாள் பூசணி சிரித்துக்கொண்டே. "இதோ பேண்ட் கரெக்டா இருக்கு பாருங்க. ஒரு வாரம்கூட விடாம போட்டுப் பாத்திருக்கேன்."

டயட் மேடம் டேப்பை எடுத்து அவள் இடுப்பை அளந்தார். கூடியிருந்தது. பிறகு பட்டியைக் கொஞ்சம் புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் தையல் தெரிந்தவர் அல்ல. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் ஓடிய நாலைந்து வரிசை ஊசித் துளைகள் யார் கண்ணுக்கும் தெரியும்.

"இதப் பிரிச்சுப் பிரிச்சுத் தச்சிருக்காங்களே?"

பூசணி கழுத்தைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள். குச்சியின் கை தானாக உதட்டுக்குப் போயிற்று. வாயில் வைத்துக்கொள்ள ஒரு குண்டூசிகூட இல்லை.

பூசணியின் கண்ணில் தண்ணீர் கட்டியது. "மேடம், இவளத் திட்டாதீங்க" என்றாள். "நான் அழுவேன்னு பயந்துட்டா. மிஷின்ல ஏறி ஏறி நான் அழுததெல்லாம் பாத்தவ. மனசு தாங்காமத்தான் இப்படிப் பண்ணியிருக்கா."

டயட் மேடம் பெருமூச்சு விட்டார். "என் வேலைக்கு முதல் எதிரி பீட்சா இல்ல. இந்தப் பாசம்தான்" என்றார் குச்சியைப் பார்த்து. கோபம் இருந்தது, ஆனால் அதில் இரக்கமும் இருந்தது. அதுதான் குச்சியால் தாங்க முடியாமல் போயிற்று. கள்ளி என்று பிடித்திருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பாள்.

பஸ்ஸில் பூசணி ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நல்ல மனசும் இவளுக்குத்தானா? ஒல்லியையும் எடுத்துக்கொண்டாள், இதையும் எடுத்துக்கொண்டாளா? தப்பு செய்தவளை இப்படி நல்லவளாக்கி நடுத்தெருவில் நிறுத்துவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். தன் மனதில் ஒரு நாளாவது இவளைப் பற்றி இப்படி நல்லதாக ஓர் எண்ணம் தானாக வந்திருக்கிறதா என்று குச்சி தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அந்தப் பொறாமை எல்லாவற்றையும்விட மோசமாக எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பூசணி வேன்கார அத்தானிடம் அக்கா புராணம் படித்தாள். அடுத்த வீட்டுக்காரியிடம் படித்தாள். மறுநாள் காலை மாடியிலிருந்து ஒரு பெட்டியையும், ஹேங்கரில் மாட்டிய அளவு பேண்ட்டையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். மாத்திரைகள், அளவுக் கிண்ணம், சின்னத் தட்டு.

"மேடம் முதல் மாசத்துல இருந்து மறுபடி தொடங்கச் சொல்லிட்டாங்க. என்னை எனக்கு நம்பிக்கையே இல்லக்கா. இனிமே நீதான் பாத்துக்கணும். மூணு வேளையும் உன் கையாலயே அளந்து போடு. நீ வெச்சதத் தின்கிறேன். நீ சொல்றப்ப நடக்கிறேன். பேண்டும் உன்கிட்டயே இருக்கட்டும்."

குச்சி அந்தச் சின்னத் தட்டைப் பார்த்தாள். அம்மா எடுத்துத் தன் தட்டில் வைத்த பங்குகள் எல்லாம் ஞாபகம் வந்தன. இந்தத் தட்டு தன் கைக்கு வந்தால் கை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். முதல் வாரம் ஒழுங்காக இருக்கும். பிறகு ஒரு நாள் பூசணி துள்ளிக்கொண்டு படியிறங்குவாள். அன்றைக்குக் கரண்டி தானாகச் சாயும். யாருக்கும் தெரியாது. இவள் அதற்கும் முத்தம் கொடுப்பாள். அப்படியே மறுபடி முழங்கால், மறுபடி சர்க்கரை.

"என்கிட்டக் குடுக்காதடி" என்றாள் குச்சி.

"ஏன்க்கா?"

"பாசத்துல பிரிக்கல." குச்சி அதோடு நிறுத்தவில்லை. "பொறாமையில பிரிச்சேன். துணி சுருங்கவே இல்ல. நீ ஏறிட்டேன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். நீ மறுபடி பழையபடி ஆகணும்னு தெரிஞ்சேதான் பிரிச்சேன். அந்த பிஸ்கட் டப்பாவையும் நான்தான் ரொப்பி ரொப்பி வெச்சேன். முக்கித் தின்னா வழுக்கிட்டுப் போகும்னு தெரிஞ்சே வெச்சேன். உன் பேண்ட் எனக்குப் பத்தலடி."

பூசணி சிரிக்கப் பார்த்தாள். அக்கா விளையாடுகிறாளோ என்று ஒரு வினாடி முகம் தேடியது. பிறகு அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"தியேட்டர் வாசல்ல அழுதியே?"

"அதுவும் நெசம்."

பூசணி கிண்ணம், தட்டு, மாத்திரை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பெட்டியில் திரும்ப வைத்தாள். ஹேங்கரில் தொங்கிய பேண்ட்டை எடுத்தாள். திட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம். குச்சி அதற்குத் தயாராகத்தான் நின்றாள். பூசணி கடைப்படி இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிரில் இருக்கும் தையல் கடைக்குப் போனாள்.

எதிர்க் கடைக்காரர் என்றால் குச்சிக்கு ஆகவே ஆகாது. பாக்கெட் கோணும், பட்டி சுருளும், காஜா நூல் பிரியும். அவர் கடை வாசலில் பூசணி நின்று பேண்ட்டைக் கொடுப்பதையும், அவர் கழுத்திலிருந்து டேப்பை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றுவதையும் குச்சி மிஷினில் உட்கார்ந்தபடி பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்த இடுப்பை வேறு எந்தத் தையல்காரரும் அளந்ததில்லை. அவள் மிஷினை மிதிக்கவும் முடியாமல் காலை எடுக்கவும் முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் பேச்சு இல்லை. காலையில் பூசணி வகுப்பு ஆட்கள் நாலைந்து பேரோடு கடையைத் தாண்டி நடந்து போவாள். அவளுக்கு இப்போது வேறு ஒரு வீட்டு ஆள், வகுப்பில் பழக்கமான ஒரு பஸ் கண்டக்டர் அம்மா. மாடியிலிருந்து மிக்ஸி சத்தம் வரும், அளவுக் கிண்ணம் தட்டில் கவிழ்கிற சத்தம் வரும். குச்சி பிஸ்கட் டப்பாவைக் கழுவி அதில் ஊசி நூல் போட்டு வைத்தாள். சாயங்காலம் டீ போட்டால் ஒரு டம்ளர் கூடுதலாகப் போய்விடும். அதைக் கீழே ஊற்றிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அளவு பேண்ட் பிடித்துத் தைக்க எதிர்க் கடைக்குப் போகும், வரும். குச்சி ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கண்ணாலேயே அளப்பாள். பழக்கம், விட முடியவில்லை. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தாடை தெளிந்தது. பிறகு நடையில் அந்தத் துள்ளல் வந்தது. குறைகிறாள் என்று தெரிந்ததும் குச்சிக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒரு கண்ணில் நிம்மதி, ஒரு கண்ணில் எரிச்சல். எரிச்சலில் பாதி அந்த எதிர்க் கடைக்காரர் மேல். பின்பக்கத் தையல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. கைநேர்த்தி இல்லாதவனிடம் கொடுத்திருக்கிறாளே, பாவி.

மழை பிசுபிசுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசணி படியிறங்கி நேராகக் கடைக்குள் வந்தாள். பேண்ட்டை மேஜையில் போட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"தொளதொளன்னு இருக்கு. பழைய தையலுக்கே கொண்டு வரணும்."

குச்சி பேண்ட்டைத் திருப்பினாள். "இந்தத் தையலப் பாரு. இவரெல்லாம்..." என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டாள். டேப்பை எடுத்துத் தயங்கி நின்றாள்.

"அளந்துக்கோ" என்றாள் பூசணி. கையை லேசாகத் தூக்கினாள்.

குச்சி அளந்தாள். டேப்பின் நுனி வந்து சேர்ந்த இடம், முதன்முதலில் அந்தப் பேண்ட்டைத் தைத்தபோது வந்து சேர்ந்த அதே இடம். எட்டு கிலோவும் போயிருந்தது.

"நாளைக்கு வந்து வாங்கிக்கறியா?"

"மாட்டேன்." பூசணி நாற்காலியை மிஷினுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என் கண்ணு முன்னாடி தை. உள்பக்கம் எனக்குத் தெரியற மாதிரி வெச்சுத் தை."

குச்சி பிளேடை எடுத்து எதிர்க் கடைக்காரரின் நூலை வெட்டினாள். உள்பக்கத்தைத் தங்கை பார்க்கும்படி விரித்து வைத்தாள். பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த முதல் வரிசையைச் சாக்பீஸால் தொட்டுக் காட்டினாள். பூசணி குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். ஊசி அந்த வரிசை மேல் இறங்கியது.

பாதித் தையலில் பூசணி கேட்டாள்.

"இன்னும் பொறாமையா இருக்கா?"

மிஷின் நின்றது. குச்சி அவளுடைய கன்ன எலும்பைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், நாற்காலியில் நிறைய இடம் விட்டு உட்கார்ந்திருந்த இடுப்பைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.

"சரி" என்றாள் பூசணி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு தையலா அடி. அப்பத்தான் பிரிக்கக் கஷ்டமா இருக்கும்."

குச்சி இரண்டு தையலாக அடித்தாள்.